ஆறடி தள்ளி ஒரு பாடகி

நான் ஒரே ஆள்தான் என்பதை மேடைக்கலைஞர் பதிவு வாரியம் ஒப்புக்கொள்வதற்கு ஐந்து மாதம் பிடித்தது. இதைப் படிக்கிறவர்களுக்கு அதில் சந்தேகம் இருக்காது என்று நினைக்கிறேன். எனக்கே நடுவில் ஒரு மாதம் இருந்தது.

நான் பாட்டு எழுதுகிறவள். மெட்டும் நானே போடுவேன், செல்லோ வாசித்துக்கொண்டே நானே பாடுவேன். செல்லோ என்பது வயலினுக்குப் பெரியப்பா முறை ஆகவேண்டிய வாத்தியம். தோளில் வைக்க முடியாது. நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு முழங்காலுக்கும் நடுவில் நிறுத்தி, அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியைத் தரையில் ஊன்றிக்கொண்டு வில்லை இழுக்க வேண்டும். கனத்த சத்தம். கேட்பதற்கு முன்பே நெஞ்சில் தெரியும்.

மற்றவர்கள் பாட்டை எழுதிவிட்டு அப்புறம் வாத்தியம் தேடுவார்கள். எனக்குச் செல்லோவில் ஒரு வரி கிடைத்தால்தான் அதன்மேல் வைக்கச் சொல் வரும். இதைப் பெரிய புதுமை என்று ஒரு பத்திரிகையில் எழுதினார்கள். புதுமையும் இல்லை, ஒன்றும் இல்லை. என் அப்பாவுக்குக் காது கேட்காது.

அப்பா கப்பல் பட்டறையில் முப்பத்தொரு வருடம் இரும்புத் தகடுகளில் ரிவெட் ஆணி அடித்தவர். மெல்லிய சத்தங்களெல்லாம் முதலில் போயின. வாசல் மணி, போன் மணி, அம்மாவின் குரல். அம்மா இருந்தவரை அவள் திட்டுவதில் பாதி அவருக்கு எட்டவில்லை. எங்கள் வீட்டில் சண்டை குறைவாக இருந்ததற்கு அதுதான் காரணம். ஆனால் காது போய்விட்டது என்று மட்டும் அப்பாவிடம் சொல்லிவிட முடியாது.

"எனக்கு நல்லாத்தான் கேக்குது. இப்பல்லாம் ஜனங்கதான் வாயத் திறந்து பேசுறதில்ல" என்பார்.

காது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "கனமான சத்தம் இன்னும் கொஞ்ச நாள் வரும். வருஷக் கடைசிக்குள்ள அதுவும் போயிடும். பக்குவமா அவர்கிட்ட சொல்லிடுங்க." நான் சொல்லவில்லை. எந்தப் பக்குவத்தில் சொல்வது?

செல்லோவின் கம்பி தரையில் வழுக்காமல் இருக்க அப்பாவே ஒரு பலகை செய்து, நடுவில் குழி எடுத்துக் கொடுத்திருக்கிறார். வீட்டில் நான் பாடிப் பார்க்கும்போது எதிரில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலை அந்தப் பலகையின் ஓரத்தில் வைத்துக்கொள்வார். கண் என் முகத்திலேயே இருக்கும். மெட்டு கால் வழியாக வரும், சொல்லை என் உதட்டிலிருந்து எடுத்துக்கொள்வார். இதைப் பற்றி நாங்கள் ஒரு நாளும் பேசியதில்லை.

நான் பாடுவதெல்லாம் காப்பிக் கடைகளிலும் புத்தகக் கடை மூலைகளிலும்தான். அங்கே அப்பா வந்தால் கோப்பைச் சத்தத்தைத் தவிர ஒன்றும் கிடைக்காது. ஊரிலேயே ஒரே ஒரு இடம் இருந்தது. பழைய நகர அரங்கு. மேடை மரம், முதல் வரிசைக்குக் கீழே இருக்கும் தரையும் அதே மரம். ஒரு மத்தியானம் காவல்காரரிடம் கேட்டு உள்ளே போய், மேடையில் நான் வில்லை இழுக்க, அப்பா முதல் வரிசையில் வெறுங்காலோடு உட்கார்ந்து பார்த்தார். "ஐஞ்சாம் நம்பர் சீட்டு எனக்கு" என்றார். காதுவரைக்கும் சிரிப்பு இருந்தது.

நான்கு மாதம் தள்ளி, ஒரு இருபத்தாறாம் தேதிக்கு அரங்கு கிடைத்தது. இருபத்தெட்டாம் தேதி அந்த மரத்தரையைப் பெயர்த்துவிட்டுக் கல் பதிக்கப் போகிறார்கள். ஆக, இருபத்தாறை விட்டால் வேறு நாள் இல்லை.

பொது அரங்கில் மேடை ஏற வாரியத்தின் அனுமதிச் சீட்டு வேண்டும் என்றார்கள். வேண்டும்தானே, வாங்கிக்கொள்ளலாம் என்று மூன்றரை மாதம் முன்கூட்டியே விண்ணப்பம் போட்டேன். படிவத்தில் கேள்வி எண் ஏழு: "பாடுபவரா? கருவி இசைப்பவரா?" பக்கத்தில் இரண்டு கட்டம். நான் உள்ளதைச் சொல்லி இரண்டிலும் டிக் அடித்தேன்.

அதுதான் நான் செய்த தப்பு.

இரண்டு வாரம் கழித்து எனக்கு இரண்டு கடிதம் வந்தது. ஒன்று பாடகிக்கு. இன்னொன்று செல்லோக் கலைஞருக்கு. ஒரே முகவரி, ஒரே தபால்காரர், இரண்டு உறை. பாடகி இரண்டாம் மாடியில் உள்ள குரல் பிரிவுக்கும், செல்லோக் கலைஞர் நான்காம் மாடியில் உள்ள கருவிப் பிரிவுக்கும் வர வேண்டும். லிஃப்ட் மூன்றாம் மாடி வரைதான் போகும்.

முதலில் இரண்டாம் மாடி. குரல் பிரிவு மேடம் நல்லவர். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார்.

"மேடம், நான் ஒரே ஆள்தான். நானே வாசிச்சு நானே பாடுறேன்."

"இருக்கலாம்மா. ஆனா ரெண்டு டிக் இருக்கே. ஒரு டிக்குக்கு ஒரு ஆள்."

"அப்ப ஒரு டிக்கைக் கோடு போட்டு அடிச்சிடுங்க."

"அடிச்சா ஒரு ஆளைக் காணோம்னு வரும். எதுக்கு வம்பு? கலைஞர் காணாமப்போனா அது தனிப் பிரிவு. ஆறாம் மாடி."

ஆறாம் மாடிக்குப் படி எப்படி இருக்கும் என்று யோசித்து வாயை மூடிக்கொண்டேன்.

நான்காம் மாடியில் கருவிப் பிரிவுக் கண்காணிப்பாளர் செல்லோவைப் படுக்கவைத்து நாடாவால் அளந்தார். நீளம், அகலம், இடுப்பு. ஒவ்வொன்றையும் இரண்டு முறை எழுதினார். பிறகு நிமிர்ந்து, "பாடகி எங்க?" என்றார்.

"நான்தான் சார்."

"பாடகி ரெண்டாம் மாடி. இந்த மாடியில பாடகிங்க கிடையாது. நீங்க யாரு?"

"செல்லோ வாசிக்கிறவ."

"அப்படிச் சொல்லுங்க." அவருக்கு முகம் மலர்ந்தது. "விதி பதினாலு படிச்சீங்களா? கருவி இசைப்போர் நிகழ்ச்சியின்போது வாயிலிருந்து ஒலி எழுப்பக் கூடாது."

"அப்ப புல்லாங்குழல் ஊதுறவங்க?"

"அது வாயிலருந்து வர்ற ஒலியா, குழல்லருந்து வர்ற ஒலியான்னு எட்டு வருஷமா விசாரணை நடக்குது. அதுவரைக்கும் அவங்க ஊதலாம்."

"தும்மல் வந்தா?"

"முன்கூட்டியே எழுதிக் கொடுத்துடணும்."

கிண்டல் செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. மனிதர் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தார்.

அடுத்து ஆட்சேபம் இல்லாக் கடிதம். பாடகிக்குச் செல்லோக் கலைஞரிடம் ஆட்சேபம் இல்லை என்றும், அவருக்கு இவரிடம் இல்லை என்றும் இரண்டு பேரும் தனித்தனியாக எழுதிக் கொடுக்க வேண்டும். கடுப்பில் வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதினேன். "அன்புள்ள செல்லோக் கலைஞருக்கு, பாடகி எழுதிக்கொள்வது. தாங்கள் வாசிக்கும்போது நான் பாடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. தங்களுக்கு இருந்தால் தயவுசெய்து தெரிவிக்கவும்." பிறகு நாற்காலியைக்கூட மாற்றாமல் அவருக்குப் பதிலும் எழுதினேன். அப்பா எட்டிப் பார்த்து, "யாருக்கு இவ்வளவு மரியாதையா எழுதுற?" என்றார். எனக்கே என்றேன். அவர் சரியாகப் பார்க்கவில்லை போலிருக்கிறது, "கேட்டேன்னு சொல்லு" என்றார்.

கடிதம் திரும்பி வந்தது. இரண்டு கையெழுத்தும் ஒன்றுபோல இருப்பதால் போலி என்ற ஐயம் எழுகிறதாம். இடது கையால் ஒன்றைப் போட்டுக் கொண்டுபோனேன். கோழி கிளறியது மாதிரி இருந்தது. குரல் பிரிவு மேடம் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார்.

"பாத்தீங்களா? நேர்மையா வந்தா வேலை எவ்வளவு சுலபமா முடியுது!"

அன்று பேசியிருந்தால் செல்லோக் கலைஞருக்கும் சேர்த்துப் பேசியிருப்பேன்.

அதன்பின் நேர்காணல். இருவருக்கும் ஒரே நாள், ஒரே நேரம், பதினோரு மணி. இரண்டாம் மாடியில் ஒன்று, நான்காம் மாடியில் ஒன்று. நேரத்தை மாற்றித் தரச் சொன்னேன். "ரெண்டு பேருக்கும் சம நீதி. ஒருத்தருக்கு முன்னாடி, ஒருத்தருக்குப் பின்னாடின்னு வெச்சா நாளைக்கு நீங்களே சண்டைக்கு வருவீங்க" என்றார்கள். அன்று செல்லோவை முதுகில் மாட்டிக்கொண்டு அந்த மாடிப்படிகளில் நான் ஏறி இறங்கிய பாடு என் எதிரிக்கும் வரக் கூடாது. மேலே இரண்டு கேள்வி, கீழே இரண்டு கேள்வி. மேலே மூச்சு வாங்கினால் "இது வாயிலிருந்து வரும் ஒலி" என்று குறித்துக்கொண்டார்கள். கீழே "உங்கள் பாடலில் செல்லோவின் பங்கு என்ன?" என்றார்கள். அவள் இப்போது மேலே இருக்கிறாள், அவளைத்தான் கேட்க வேண்டும் என்று என் வாயாலேயே சொன்னேன். எனக்குச் சந்தேகம் வந்த மாதம் என்றேனே, அது இதுதான்.

நேர்காணல் குறிப்பு வந்தது. "பாடகி தாமதமாக வந்தார். செல்லோக் கலைஞர் பாதியில் எழுந்து போனார். இருவருக்கும் இடையே ஒத்துழைப்பு இல்லை. தலைவர் முன்னிலையில் சமரசக் கூட்டம் நடத்தலாம்."

வாரியத் தலைவருக்குப் பெரிய மீசை. மேலுதட்டையும் கீழுதட்டில் பாதியையும் மூடியிருந்தது. அதற்குப் பின்னாலிருந்து பேச்சு வந்தது. அவருக்கு எதிரில் இரண்டு நாற்காலி, இரண்டு தண்ணீர்க் கோப்பை. நான் ஒன்றில் உட்கார்ந்தேன்.

"இன்னொருத்தங்க?"

எழுந்து அடுத்த நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் இருவரின் வருகையையும் குறித்துக்கொண்டார். பிறகு முதல் நாற்காலியைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்.

"பாருங்கம்மா, கூட்டாக் கலை பண்ணும்போது விட்டுக்கொடுத்துப் போகணும். நான் இந்த நாற்காலிக்கு வந்தப்போ பதிவான கலைஞர்கள் ஆயிரத்து நூறு பேர். இன்னைக்கு ரெண்டாயிரத்து இருநூறு. புதுசா ஒரு கலைஞர்கூட வரலை. இருந்தவங்களையே ஒழுங்கா எண்ணினோம், அவ்வளவுதான். கலை வளர்ந்துச்சா இல்லையா?"

"வளர்ந்துச்சு சார்" என்றேன், இரண்டாவது நாற்காலியிலிருந்து.

"இந்தப் பதவிக்கு வந்ததுலருந்து நான் ஒரு நிகழ்ச்சிக்கும் போனதில்ல. ஏன் சொல்லுங்க? போனா ஒண்ணு புடிச்சுப்போகும், ஒண்ணு புடிக்காமப் போகும். அப்புறம் எப்படி நடுநிலையா இருக்கிறது? கலைஞர்களுக்கு வாரியம் முக்கியமா, வாரியத்துக்குக் கலைஞர்கள் முக்கியமான்னு என்னை ஒருத்தர் கேட்டார். நான் சொன்னேன், வாரியம் நல்லா நடக்கணும்னா கலைஞர்கள் கொஞ்ச நாள் தொந்தரவு பண்ணாம இருந்தாப் போதும்னு."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த குரல் பிரிவு மேடம் மெல்லக் கைதட்டினார்.

"உங்க ரெண்டு பேர் விஷயத்துல பெரிய சிக்கல் இல்ல. விதி இருபத்திரண்டு. பாடகருக்கும் கருவி இசைப்பவருக்கும் நடுவில ஆறடி இடைவெளி. அதை மட்டும் கடைப்பிடிச்சுட்டா போதும்."

"சார், அந்த ஆறடி..."

"அஞ்சே முக்காலா இருந்தாலும் பரவாயில்ல. நாங்க ஒண்ணும் கல்நெஞ்சக்காரங்க இல்ல."

இருபத்துநான்காம் தேதி செல்லோக் கலைஞரின் அனுமதிச் சீட்டு வந்தது. நீல முத்திரை, தலைவரின் கையொப்பம். பாடகியின் சீட்டைக் காணோம். ஓடினேன்.

"செல்லோக் கலைஞரோட சீட்டு நம்பரைப் பாடகி கோப்புல ஏத்தணும்மா. நம்பர் நேத்துதான் கீழ வந்துச்சு. இருபத்தேழாம் தேதி ரெடியாயிடும்" என்றார் மேடம்.

"நிகழ்ச்சி இருபத்தாறு, மேடம். இருபத்தெட்டுல தரையப் பேத்துடுவாங்க."

"அப்ப வாசிக்க மட்டும் வாசிச்சுட்டு வந்துடுங்க. பாட்டு எங்க ஓடிடப்போகுது?"

அழுகை வந்தது. அழுதேன், வெட்கமே இல்லாமல், அவர் மேசையைப் பிடித்துக்கொண்டு. அவர் தண்ணீர் கொடுத்தார். அந்த வாரியத்தில் தட்டுப்பாடில்லாமல் கிடைத்தது தண்ணீர் ஒன்றுதான்.

இருபத்தாறாம் தேதி மாலை அரங்குக்கு இருநூறு பேர் வந்திருந்தார்கள். வாரியத்தின் அளவீட்டு ஆய்வாளரும் வந்திருந்தார். ஒல்லியான மனிதர், கையில் நாடா, கழுத்தில் ஒலி அளக்கும் கருவி. மேடையில் என் நாற்காலியிலிருந்து ஆறடி அளந்து, அங்கே சுண்ணாம்புக் கட்டியால் ஒரு வட்டம் போட்டார்.

"இது பாடகிக்கு."

"அவங்களுக்குச் சீட்டு வரலையே சார்."

"வரலைன்னாலும் எடம் விடணும்" என்று சொல்லிவிட்டு மேடை ஓரத்தில் உட்கார்ந்தார். "நீங்க வாயிலருந்து ஒரு சத்தம் எழுப்பினாலும் நான் எழுதவேண்டியிருக்கும்மா. நிகழ்ச்சியை அங்கேயே நிறுத்தணும். கோவிச்சுக்காதீங்க."

அப்பா ஐந்தாம் எண் இருக்கையில் இருந்தார். இஸ்திரி போட்ட சட்டை. செருப்பு நாற்காலிக்குக் கீழே ஜோடியாக இருந்தது. வெறுங்கால் இரண்டும் தரையில் பதிந்திருக்க, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் நான் எதையும் சொல்லியிருக்கவில்லை. சொன்னால் சுத்தியலோடு வாரியத்துக்குப் போயிருப்பார்.

கனத்த கம்பியில் வில்லை வைத்தேன். முதல் பாட்டின் முன்வரி முடிந்து சொல் தொடங்கவேண்டிய இடம் வந்தது. எத்தனை நூறு தடவை பாடிய இடம். மூச்சு தானாக ஏறியது. ஆய்வாளர் பேனாவை எடுத்தார்.

வாயைத் திறந்தேன். சத்தத்தைத் தொண்டையிலேயே நிறுத்திவிட்டு உதட்டை மட்டும் அசைத்தேன்.

ஒன்பது பாட்டும் அப்படித்தான். நான் இழுத்தது செல்லோ, விழுங்கியது பாட்டு. இரண்டாம் பாட்டில் பின்வரிசையிலிருந்து ஒருவர் "மைக் வேலை செய்யல!" என்று கத்தினார். நான்காம் பாட்டில் சிலர் எழுந்து போனார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை, நானாக இருந்தாலும் போயிருப்பேன். எழும்பாத குரல் உள்ளேயே கிடந்து தொண்டை வலித்தது. சுண்ணாம்பு வட்டத்துக்குள் ஒருத்தி நிற்கிறாள், பாடத் தெரிந்தும் சும்மா நிற்கிறாள் என்று அவள்மேல் எரிச்சலாகக்கூட வந்தது.

அப்பா மட்டும் அசையவில்லை. ஆறாம் பாட்டில் அம்மாவைப் பற்றி ஒரு வரி வரும். அந்த இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டார், உடனே மறுபடி என் முகத்துக்கு வந்துவிட்டார்.

முடிந்ததும் ஆய்வாளர் எழுதியதைக் காட்டிக் கையெழுத்து வாங்கினார். "மனிதக் குரல்: பூஜ்யம். விதிமீறல்: இல்லை." பிறகு குரலைத் தாழ்த்தி, "உதடு அசைஞ்சுச்சு. பாத்தேன். ஆனா அதுக்கு என் படிவத்துல கட்டம் இல்ல" என்றார். அந்த ஐந்து மாதத்தில் வாரியத்தில் எனக்குக் கிடைத்த ஒரே நல்ல வார்த்தை அது.

அப்பா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மேடைக்கே ஏறி வந்துவிட்டார். என் இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டார்.

"கேட்டுச்சும்மா! ஒவ்வொரு வார்த்தையும் கேட்டுச்சு. வீட்டுலகூட உன் குரல் இவ்வளவு தெளிவா வந்ததில்ல. அந்த டாக்டர் உன்னைத் தனியாக் கூப்பிட்டு என்னமோ சொன்னானே, அவனைக் கூட்டிட்டு வந்திருக்கணும்."

நான் சிரித்தேன். வேறு என்ன செய்ய?

கதை இங்கேயே முடிந்திருந்தால் வாரியத்தை மன்னித்திருப்பேன். பத்து நாளில் பாடகிக்கு நோட்டீஸ் வந்தது. "தங்களுக்கு இருபத்தேழாம் தேதி அனுமதிச் சீட்டு வழங்கப்பட்டுள்ள நிலையில், இருபத்தாறாம் தேதி நிகழ்ச்சியில் தாங்கள் பங்கேற்காமல் வட்டம் காலியாக இருந்ததற்கு ஏழு நாளுக்குள் விளக்கம் அளிக்கவும்."

நான் வீட்டில் இல்லை. தபாலை வாங்கிப் படித்தது அப்பா. படித்துவிட்டு, என்னிடம் மூச்சுவிடாமல், கையோடு பதிலும் எழுதிப் பதிவுத் தபாலில் போட்டுவிட்டார். அதன் நகலை விசாரணைக்கு வந்த அழைப்போடுதான் நான் பார்த்தேன்.

"ஐயா, நான் மேற்படி பெண்ணின் தகப்பன். முதல் வரிசையில் ஐந்தாம் எண் இருக்கையில் இருந்தேன். என் மகள் ஒன்பது பாட்டும் பாடினாள். ஒரு சொல் விடாமல் என் காதால் கேட்டேன். முப்பத்தொரு வருடம் பட்டறையில் உழைத்தவனுக்குப் பொய் சொல்லத் தெரியாது. வரவில்லை என்று எழுதுகிறவர்கள் வந்திருந்தவனைக் கேட்டுவிட்டு எழுதவும்."

விசாரணைக்குச் செல்லோவோடு அப்பாவையும் வரச் சொல்லியிருந்தார்கள். அதே இஸ்திரிச் சட்டையில் கிளம்பினார். செல்லோவை நான் தூக்க, மூன்றாம் மாடிக்கு மேல் படியில் அவர் வாங்கிக்கொண்டார்.

மேசைக்கு அந்தப் பக்கம் தலைவர், மேடம், கண்காணிப்பாளர். ஓரத்தில் ஆய்வாளர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். தலைவர் பேச ஆரம்பித்ததும் அப்பா முன்னால் சாய்ந்து அந்த மீசையையே பார்த்தார். அங்கிருந்து அவருக்கு ஒரு எழுத்தும் கிடைக்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

"ஆய்வாளர் அறிக்கை குரல் பூஜ்யம்னு சொல்லுது. உங்க அப்பா கடிதம் பாடினாங்கன்னு சொல்லுது. ரெண்டும் எங்க கோப்புல இருக்கு. ரெண்டும் உண்மையா இருக்க முடியாது. எங்க கோப்புல பொய் இருக்கவும் முடியாது."

"அரங்குல இருநூறு பேர் இருந்தாங்களே சார், கேட்டுப் பாருங்களேன்."

"அவங்க பதிவு பெற்ற கேட்பாளர்கள் இல்லம்மா." ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். "ரொம்பச் சிம்பிள். நீங்க பாடலைன்னா, பாடகிக்கு ஒரு எச்சரிக்கை, அவ்வளவுதான். சீட்டு ரெண்டும் அப்படியே இருக்கும். அதுக்கு உங்க அப்பா இதுல ஒரு கையெழுத்துப் போடணும்."

தாளில் இரண்டே வரி தட்டச்சு செய்திருந்தது. "எனக்குக் காது கேட்காது. ஆகவே, நான் கேட்டதாகக் கூறியது தவறு."

"பாடினேன்னா?"

"அப்ப செல்லோக் கலைஞர் வாயிலருந்து ஒலி வந்திருக்கு. விதி பதினாலு. மூணு வருஷத்துக்கு எந்தப் பொது மேடையிலயும் ஏற முடியாது."

மூன்று வருடம். இருபத்தேழு பாட்டு எழுதிவைத்திருக்கிறேன். அந்தத் தாளைப் பார்த்தேன், பேனா அதன்மேலேயே இருந்தது. அப்பா என் முழங்கையைத் தொட்டார்.

"என்னம்மா கேக்குறாரு?"

நான் அவர் பக்கம் நன்றாகத் திரும்பிக்கொண்டேன். "அன்னைக்கு நான் பாடினேனான்னு கேக்குறாருப்பா."

"அதைக் கேக்கவா இவ்வளவு தூரம் வரச்சொன்னாரு? சொல்லு!"

ஆய்வாளர் நிமிர்ந்து பார்த்தார். தலையை லேசாக இடமும் வலமும் ஆட்டினார், வேண்டாம் என்பதுபோல. நான் அப்பாவின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தலைவருக்குச் சொல்லவேண்டிய பதிலை, ஒவ்வொரு எழுத்தாக, உதடு தெரியும்படி அவருக்குச் சொன்னேன்.

"பாடினேன். ஒன்பது பாட்டும் பாடினேன்."

அப்பா தலையாட்டினார். மேடம் பெருமூச்சு விட்டுத் தண்ணீர்க் கோப்பையை என் பக்கம் நகர்த்தினார். தலைவர் அங்கேயே உத்தரவைச் சொல்லச் சொல்ல, கண்காணிப்பாளர் எழுதினார். "செல்லோக் கலைஞரின் வாயிலிருந்து பாடகியின் குரல் வந்ததாக ஒப்புக்கொள்ளப்பட்டதால், மேற்படி இருவரும் ஒரே நபர் என்று வாரியம் முடிவு செய்கிறது. இரு சீட்டுகளும் ரத்து செய்யப்படுகின்றன. தடைக்காலம் மூன்று ஆண்டு. இரு கோப்புகளும் ஒன்றாக இணைக்கப்படுகின்றன." ஐந்து மாதமாக நான் தொண்டை கிழியச் சொன்னதை அவர் ஒரே வாக்கியத்தில் சொல்லி, நீல முத்திரையும் குத்தினார்.

செல்லோவை முதுகில் மாட்டிக்கொண்டேன். கதவருகில் வந்ததும் அப்பா பொறுக்கமாட்டாமல் என் தோளைப் பிடித்துத் திருப்பினார்.

"கடைசியில என்னதான் சொன்னாரு அந்த மீசை?"

"நான் பாடினேன்னு ஒத்துக்கிட்டாருப்பா. எழுதி முத்திரையும் குத்திட்டாரு."

"பின்ன?" என்றார் அப்பா. "நான்தான் கேட்டேனே!"